அப்பா இல்லாத புத்தகங்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு முழுக்கப் புழுதி. யாழினிக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பின்னால் யாரோ பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள், புதுக்கோட்டை வரை அதே வாசம். வாயைத் திறந்து திறந்து மூடி, வாசத்தைத் தின்றுகொண்டே வந்தாள்.

கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் அவளும் உதட்டைக் குவித்து ஊதினாள். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. பத்து வயதில் அவள் பிழையில்லாமல் பேசுகிற மொழி அது ஒன்றுதான்.

ரோட்டைக் கடக்கும்போது வழக்கம்போல என் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்க மாட்டாள். தோல் மேல் தோல் பட்டால் ஆகாது. மாதம் ஒரு பட்டன் போகிறது, அவள் அம்மா கௌரி தைத்துத் தைத்து அலுத்துவிட்டாள்.

சிறப்புக் குழந்தைகள் மையம் பழைய வீடு ஒன்றில். முன்னால் வராந்தா, நீளப் பெஞ்சு, வாசலில் புங்க மரம். நடத்துகிறவர் ஜெயந்தி மேடம். விதியைத் திரும்பவும் சொன்னார். முதல் இரண்டு வாரம் பார்ப்பார்கள். அப்பாவோ அம்மாவோ வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை உள்ளே எவ்வளவு கத்தினாலும் எழுந்து போகக் கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது. இரண்டாவது வெள்ளியன்று வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று சொல்வார்கள்.

மாட்டார்கள் என்றால் அடுத்தது திருச்சி. அங்கே ஹாஸ்டல்தான். யாழினி இல்லாத வீடு. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

கௌ. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பவள், லீவு கிடைக்காது. நான் போட்டேன். சூப்பிரண்டு முகத்தைச் சுளித்தார். கணக்கில் வைத்துக்கொண்டேன்.

பையில்: தண்ணீர், மாற்றுத்துணி, ஒரு டப்பா அவல், ஒரு நீல மூடி (எந்த பாட்டிலுடையது என்று யாருக்கும் தெரியாது, அது இல்லாமல் யா. வாசற்படி இறங்க மாட்டாள்), புத்தகம் மூன்று.

சேர்க்கும்போது மேடம் கேட்டார், "கடிக்குமா சார்?" என்று. "இல்லை மேடம்" என்றேன், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு. உண்மையைச் சொல்லி இரண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியாயிற்று.

இன்று நாள் முழுக்க உள்ளே கத்தினாள். நான் முப்பத்திரண்டாம் பக்கத்திலேயே இருந்தேன்.

பெஞ்சில் இன்னும் இரண்டு பெண்கள். ஒருத்தி கைநிறைய கண்ணாடி வளையல், பேச்சை நிறுத்துவதே இல்லை. இன்னொருத்தி மொட்டையடித்து ஓரங்குலம் முளைத்த தலை. ஏதோ வேண்டுதல் போல.


ஜூன் 10, செவ்வாய்

புத்தகங்களைப் பற்றி. யாழினிக்கு இன்னது என்று டாக்டர் பெயர் சொன்ன வருஷம் கௌ. கோயில் கோயிலாகப் போனாள். நான் திருச்சிக்குப் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். மூன்றுமே ஆங்கிலம், மூன்றுமே டீச்சர்கள் எழுதிய சொந்த அனுபவம். உடைக்கிற, கத்துகிற, வாய் திறக்காத பிள்ளைகளோடு ஒரு வருஷம் இரண்டு வருஷம் இருந்த கதை. எம்.ஏ., எம்.ஃபில். படித்ததற்கு இதாவது பயன். வேலைக்குத்தான் ஆகவில்லை. கல்லூரி இன்டர்வியூவில் என் இடத்தில் யாரோ ஒருவருடைய மாப்பிள்ளை உட்கார்ந்தார். அவர் இன்றைக்கும் மேடையில் உச்சரிக்கிற ஆங்கிலம் இருக்கிறதே. சரி.

முன்னே படித்தபோது அழுதேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். மூன்றிலும் பாதிக்குமேல் எங்கோ ஒரு சாவி கிடைக்கிறது. டீச்சர் மேஜைக்கு அடியில் போய் பிள்ளையோடு உட்காருகிறார், பிள்ளை திறந்துகொள்கிறது. நானும் எங்கள் டைனிங் டேபிளுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். யா. இறங்கி வந்து பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

இன்னொன்று. அப்பா எங்கே? முதல் புத்தகத்தில் அப்பா ஒரே ஒரு இடத்தில் வருகிறான், குடித்துவிட்டுக் கதவை உதைக்க. இரண்டாவதில் கையெழுத்துப் போட்டுவிட்டு காரில் ஏறிப் போகிறான். மூன்றாவதில் ஆளே இல்லை. உலகத்து டீச்சர்கள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களா?

வளையல்காரி பெயர் ரெஜினா. கணவர் சிங்கப்பூரில் வெல்டிங். மற்றவள் செல்வி, குடுமியான்மலைப் பக்கம், மகள் பெயர் தேன்மொழி. தேனு, தேனு என்கிறாள்.

ரெஜினா: "இங்கிட்டு ஆம்பளைங்க வந்து உக்காந்து நான் பாத்ததே இல்ல சார். நீங்கதான் மொத ஆளு. என்ன புக்கு அது, பரீட்சைக்கா?"

சொன்னேன். நம்ம பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு டீச்சர் எழுதியது என்று.

செல்வி முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "நம்மளப் பத்தி புக்கா? படிங்க கேப்பம்."


ஜூன் 11, புதன்

வெயில். யா. இன்று மதியம் வரை கத்தினாள், பிறகு இல்லை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் அமைதியாக இருப்பது கத்தலைவிட மோசம்.

படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். ஆறு வயசுப் பையன், வகுப்பில் இருந்த மீனையெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுவிட்டான் என்ற இடம்.

செல்வி: "மீனு செத்துப் போச்சா?"

"சில."

"டீச்சர் அடிக்கலையா?"

"கட்டிப் பிடித்துக்கொண்டாராம்."

"அந்த டீச்சருக்குப் பிள்ளகுட்டி இருக்கா?"

"இல்லை."

"அதான்" என்றாள் ரெஜினா. "நாலு மணிக்கு மணி அடிச்சா அவுக கெளம்பிருவாக. அதுக்கப்பறம் அந்தப் பயலுக்குச் சோறு ஊட்டுனது யாரு, குளிப்பாட்டுனது யாரு? அது புக்குல இருக்கா?"

முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. இத்தனை தடவை படித்தும் எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி.

என்ன நினைத்தேனோ, பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அன்று சாயங்காலம் அவனுடைய அப்பா வந்து கூட்டிப்போனார். அவனுக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்காது. ஓரத்தை எல்லாம் பிய்த்து அவர் தின்றுவிட்டு நடுவை அவனுக்குக் கொடுத்தார்."

புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. யாழினிக்கு இட்லியின் ஓரம் பிடிக்காது.

செல்வி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு ரெஜினா: "வெளிநாட்டுல அப்பனுங்க ஊட்டுவாங்களா? எங்க வீட்டுக்காரரும் வெளிநாட்டுலதான் இருக்காரு. போன்ல ஊட்டுறாரு."

செல்வி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. உள்ளிருந்து ஆயா வந்து "சத்தம்" என்றார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டோம்.


ஜூன் 12, வியாழன்

ஆபீசிலிருந்து போன். ஃபைல் எங்கே என்று. எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவன் இப்போது எனக்கு மேலே. "பாப்பா எப்படி இருக்கு சார்?" என்று கடைசியில் கேட்டான். ஃபைலுக்குப் பிறகு கேட்டான். மறக்க மாட்டேன்.

புத்தகத்தில் இல்லாத அந்த அப்பா இன்றைக்கும் வந்தார். பையனுக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை.

மேடம் போகிறபோக்கில் சொன்னார்: "இன்னைக்குப் பத்து நிமிஷம் பாய்ல உக்காந்தா." வீட்டுக்கு வந்து கௌரியிடம் சொன்னேன். அவள் மாவு கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். தோசை கருகிவிட்டது. கருகியதை நானே சாப்பிட்டேன்.


ஜூன் 13, வெள்ளி

கடித்துவிட்டாள்.

தேன்மொழியை. இடது முன்கையில். பல் பதிந்து ரத்தம்.

கத்தல் கேட்டது, வேறு பிள்ளையின் கத்தல். செல்வி பாதி எழுந்து, விதி ஞாபகம் வந்து, திரும்ப உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைத்தான் மறக்க முடியவில்லை. முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு.

மேடம் என்னை மட்டும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நான் கேட்டேன்ல சார்?"

"கேட்டீங்க."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் ஒரே பாய்ல உக்கார வச்சிருப்பேனா? கடிக்கிற பிள்ளைய நான் வேண்டாம்னு சொல்றதில்ல. அப்பா பொய் சொல்ற பிள்ளைய எப்படி வச்சுக்கிறது, நீங்களே சொல்லுங்க."

மணிக்கட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாக யார் என்ன சொன்னாலும் பதில் வைத்திருக்கிறவன் நான்.

செல்வி தேனுவைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பார்க்கவில்லை. நியாயம்.

பஸ்ஸில் யா. எல்லா விசிலுக்கும் ஊதிக்கொண்டே வந்தாள். ஒன்றும் நடக்காதது மாதிரி. உதட்டோரம் துளி ரத்தம் காய்ந்திருந்தது. துடைக்க விடவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுதவில்லை.

வெள்ளி ராத்திரி கௌ.: "கடிக்கும்னு நீங்க சொல்லவே இல்லையா? எங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னீங்க."

அதுவும் பொய்தான். இரண்டு நாளாக வேண்டியதற்கு மட்டும் பேசுகிறாள். உப்பு, சாவி, பால்.

மதியம் தூங்குகையில் யா. வந்து என் முதுகில் இரண்டு உள்ளங்காலையும் வைத்துக்கொண்டு படுத்தாள். பனியன் மேல் என்றால் பரவாயில்லை அவளுக்கு. புரண்டால் போய்விடுவாளே என்று அசையாமல் கிடந்தேன். கை மரத்துப் போயிற்று. திருச்சி ஹாஸ்டலில் கட்டில் எல்லாம் ஒற்றைக் கட்டில்தான் இருக்கும்.

சாயங்காலம் அண்ணன் வந்தார், பலாச்சுளை ஒரு தூக்குவாளி, கொட்டை எடுத்து. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் "அந்தப் பிள்ளைய உள் ரூம்ல வச்சுக்கங்க தம்பி" என்று அண்ணி சொன்னதிலிருந்து நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவர் மட்டும் வருகிறார், பலாக் காலத்தில். வாசலிலேயே நின்றார். யா. சுளையை முகர்ந்து முகர்ந்து அடுக்கினாள்.

"நல்லா வளந்துட்டா" என்றார்.

"ம்."

அவ்வளவுதான். அவர் போன பிறகு, உள்ளே வாங்க என்று சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். சொல்லவில்லை.


ஜூன் 16, திங்கள்

போக வேண்டாம் என்றே இருந்தேன். கௌ. காலையிலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அதன் மேல்.

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தேன். ரெஜினா வந்தாள், பேசவில்லை. செல்வி வந்தாள். தேனு கையில் கட்டு. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வந்து, வழக்கமான இடத்தில் உட்காராமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, இந்தச் சொல்லை நான் மற்றவர்களிடமிருந்து எதிர்பார்த்தே காலம் போயிற்று.

"கழட்டுங்க சார் அந்தப் பட்டன" என்றாள்.

புரியவில்லை.

"கையக் காட்டுங்க."

மடித்துக் காட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பல் தடம். பழையது வெள்ளையாக, புதியது ஊதாவாக.

"இந்தக் காயிற வெயில்ல ஒரு மனுசன் முழுக்கையும் பட்டனுமா வந்து உக்காந்தா என்னத்துக்குன்னு தெரியாதா? மொத நாளே ரெஜினாக்காட்ட சொன்னேன், இது கடிக்கிற பிள்ளைன்னு."

ரெஜினா தலையாட்டினாள்.

"தெரிந்துமா மேடத்திடம் சொல்லவில்லை?"

"சொன்னா அனுப்பிருவாகளோன்னுதான் நானும் வாய மூடிக்கிட்டேன். கடைசில எம் மகளயே கடிச்சு வச்சுருச்சு." சிரித்தாளா பெருமூச்சா என்று தெரியவில்லை. "வெள்ளிக்கெழம ராத்திரி ஒங்கள நல்லா வஞ்சேன் சார். ஒங்க படிப்ப, ஒங்க புக்க, எல்லாத்தையும் சேத்து வஞ்சேன். வஞ்சு முடிச்சிட்டேன்."

முடிச்சிட்டேன். அப்படி ஒன்று முடியும் என்றே எனக்குத் தெரியாது. நான் எதையும் முடித்ததில்லை.

அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இது மட்டும் என்னன்னு நெனச்சீங்க? கோயிலுக்கு நேந்துக்கிட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிருவேன். தேனு முடியப் பிடிச்சா விடாது சார். கொத்தாப் பிடுங்கிரும். அதான் வெட்டிட்டேன்."

நானும் வேண்டுதல் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வளையலைப் பற்றி ரெஜினாவிடம் கேட்கவில்லை. அவளே இடதுகை வளையலை மேலே தள்ளிக் காட்டினாள். அங்கேயும் இருந்தது.


ஜூன் 18, புதன்

யாழினியை இப்போது ரோட்டுப் பக்கத்து ஜன்னலருகே தனிப் பாயில் வைத்திருக்கிறார்கள். பஸ் போனால் ஊதுகிறாளாம். மேடம் சொல்லும்போது முகத்தில் ஏதோ இருந்தது, சிரிப்புக்கு முந்தினது. இன்னும் கோபம் போகவில்லை என்பதும் தெரிந்தது. கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வாயிலிருந்து வரட்டும்.

வாசிப்பு தொடர்கிறது. பிடிபட்டேன்.

அந்த அப்பா பையனை பஸ்ஸில் கூட்டிப்போகிறார், பையன் ஜன்னலோரம், பின்னால் யாரோ பழம் ஏற்றியிருக்கிறார்கள், வண்டி முழுக்க வாசம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

செல்வி: "என்ன பழம்?"

"ஆப்பிள்."

"ஆப்பிளுக்கு அம்புட்டு வாசம் வருமா?"

நிமிர்ந்து பார்த்தேன். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினா: "இது புக்குல இருக்கா, நீங்களா சொல்றீங்களா?"

"புக்குல இல்லை."

"அந்தப் பயலோட அப்பன்?"

"குடிகாரன். ஒரே இடத்தில்தான் வருகிறான்."

ரெஜினா சொன்னாள்: "அவன வேணாம். இவரு இருக்கட்டும். மேல சொல்லுங்க."

செல்வி: "அம்மாவையும் கொஞ்சம் கொண்டாங்க சார். அவ பாவம், அடுப்படில என்ன செய்றான்னே தெரியல."

கொண்டுவந்தேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்று வைத்தேன். கோபம் வந்தால் உப்பு, சாவி, பால் என்று மட்டும் பேசுவாள் என்றேன். செல்விக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

வீட்டில் கௌரியிடம் இதைச் சொன்னேன். "என்னைய ஊர் பூராம் சிரிக்க வைக்கிறீங்களா?" என்றாள். பிறகு, "அந்தம்மாவுக்கு என்ன பேரு வச்சீங்க?" என்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு முழு வாக்கியம்.


ஜூன் 19, வியாழன்

மாலை முழுக்க மழை. எதிர்பாராத மழை. கொடியில் இருந்த என் முழுக்கைச் சட்டை எல்லாம் நனைந்து போயிற்று. கௌ. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி நாற்காலியாக விரித்துப் போட்டிருக்கிறாள். கரண்டும் இல்லை.

நாளை என்ன ஆனாலும் யாழினிக்கு ஒன்றும் புரியாது என்று எழுதப் போனேன். அடித்துவிட்டேன். எனக்கென்ன தெரியும்.


ஜூன் 20, வெள்ளி

ஒரு சட்டையும் காயவில்லை. அரைக்கைச் சட்டை. பழையது, கழுத்து நைந்தது.

வாசலிலேயே தகராறு. யா. பட்டனைத் தேடினாள், வலது கை, இடது கை. இல்லை. உட்கார்ந்துவிட்டாள். தலையைச் சுவரில் மோதப் போனவளை கௌ. தலையணை வைத்துத் தடுத்தாள். கடைசியில் பையின் வாரை நீட்டினேன், அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எல்லாரும் என் கையைத்தான் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "நாய் ஏதும் கடிச்சுருச்சா சார்?" என்றார். "மகள்" என்றேன். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தார், அவளுக்கு நேராக. அவளும் கொடுத்தாள்.

பெஞ்சில் செல்வி: "அட, அரைக்கை."

"மழை" என்றேன்.

"ஆமா ஆமா, மழ."

மூன்றரைக்கு மேடம் கூப்பிட்டார். நின்றபடியே சொன்னார்.

"இருக்கட்டும் சார். கடிக்கிறத நிறுத்திருவேன்னு நான் சொல்லல. இன்னும் கடிப்பா. என்னையும் கடிப்பா. ஆனா இனிமே வீட்ல நடக்கிறது எதுவானாலும் எனக்குத் தெரியணும்."

"சரி மேடம். எல்லாம் சொல்கிறேன்."

"கைல மருந்து போடுங்க. அந்த ஊதாவா இருக்கிறது சீழ் வச்சுரும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செல்வி, அழுகை வரக்கூடாது என்பது போல, புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மணி அடிக்கப் போகுது. முடிச்சிருங்க. கடைசில என்னாச்சு?"

கடைசி அத்தியாயம் எனக்கு மனப்பாடம். வருஷம் முடிகிறது. பையன் வேறு ஊருக்குப் போகிறான். டீச்சர் கையசைக்கிறார், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா கிடையாது.

"பையன் வண்டியில் ஏறப் போகிறான்" என்று தொடங்கினேன். அதற்குள் உள்ளே மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள். தேனு கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டிக்கொண்டு. கடைசியாக யா., நீல மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

என் முன்னால் வந்து நின்றாள். சட்டைக் கையைத் தேடினாள். பை ரெஜினாவின் அந்தப் பக்கம் இருந்தது, வார் எட்டவில்லை. நான் எழுந்து எடுப்பதற்குள் மூடியைத் துப்பிவிட்டு என் விரல்களைப் பிடித்தாள். விரலை. முதலில் இரண்டு, பிறகு எல்லாம். உள்ளங்கை ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது.

நான் அசையவில்லை. பெஞ்சில் யாரும் அசையவில்லை.

செல்விதான் மெல்லக் கேட்டாள். "சார், அந்த அப்பா வந்தாரா?"

யாழினி உதட்டைக் குவித்து இரண்டு விசில் கொடுத்தாள்.

"வந்தார்" என்றேன். போனோம்.